பதினோரு டிஸ்க்கும் ஓட வேண்டும்

அத்தியாயம் 14

போன வாரம் மருமகளின் அண்ணன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன வார்த்தை, ஆறு நாளாக இந்த வீட்டில் யாரையும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடவில்லை.

"எங்க வீட்டுல என் தங்கச்சி ஊமை இல்ல. இங்க வந்துதான் ஊமையா ஆயிட்டா. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றேன். பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லுங்க."

அவர் சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை.

நடுவில் இரண்டு வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருமகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கைகளால் பேசுவாள். சும்மா இல்லை, வம்பு, கிண்டல், கணக்கு, கதை எல்லாம் அந்தப் பத்து விரலில் இருக்கும். அவள் புருஷனுக்கு அந்தப் பேச்சு தெரியும். அவனோ கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன். கல்யாணமான ஐந்தாவது வாரமே கடலுக்குப் போய்விட்டான். மாமனார் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆக, பகல் முழுவதும் வீட்டில் மாமியாரும் மருமகளும்தான்.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். மாமியாருக்கு எழுத்து தெரியாது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டவர். எந்தப் போர்வை எந்த வார்டு என்று ஓரத் தையலின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எழுத்து மட்டும் வாய்க்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கத்தினார். கத்தி யாருக்குக் கேட்கும்? ஆனால் தரை அதிர்ந்தது, மருமகளின் பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. ஓடி வந்தாள். மாடி வீட்டு நர்ஸின் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். ஸ்ட்ரெச்சர் வரும்வரை மாமியாரின் தலையை மடியில் வைத்து, துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பின்மண்டையில் ஏழு தையல். "இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு மாத்திரைச் சீட்டை எழுதப் போய்விட்டார்.

வீடு திரும்பிய அன்றைக்கே மாமியார் மருமகளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"நன்றி சொல்லிட்டேங்க" என்று அன்று மாமியார் புருஷனிடம் சொன்னார். "ஆனா அது ஒண்ணுதான் சொல்ல முடிஞ்சுது. வலிக்குதா, பசிக்குதா, தூக்கம் வந்துச்சா, ஒண்ணும் கேக்கத் தெரியல. உசுரைக் காப்பாத்தின புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசத் தெரியாம உக்காந்திருக்கேன்."

"அவகிட்டயே கத்துக்கயேன்."

"முதல் மாசமே கேட்டேன். மூணு தடவை காமிச்சா. நாலாவது தடவை கேக்க வெக்கமா போச்சு."

"மூஞ்சியைச் சுளிச்சாளா?"

"இல்ல. அதனாலதான் இன்னும் வெக்கம்."

அதற்கப்புறம்தான் அண்ணன்காரர் வந்து, கெடு வைத்துவிட்டுப் போனார். மறுநாளே மாமியார், மருமகள் படித்த காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்கு விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்த டீச்சரம்மா எதுவும் கேட்காமல் ஒரு துணிப்பை நிறைய டிஸ்க்குகளை எடுத்துக் கொடுத்தார். பதினோரு டிஸ்க்.

"பதினஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா எடுத்த பாடம்மா. கேமரா மாற மாற வீடியோவோட வகையும் மாறிப்போச்சு. எது எந்த பிளேயர்ல ஓடும்னு எனக்கே தெரியாது. வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தா போதும்."

அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் மாமியார் பஸ்ஸில் வந்தார். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை, நெரிசலில் நசுங்கிவிடுமோ என்று பயம்.

வீட்டில் இருந்த பழைய பிளேயர் பதினொன்றில் இரண்டைத்தான் ஏற்றுக்கொண்டது. மற்ற ஒன்பதையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிட்டது. ஓடிய இரண்டும் படம் காட்டிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மிருகப் பாடம். செவ்வாய் முதல் வெள்ளி வரை மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு படித்ததில் முதலை, ஒட்டகச்சிவிங்கி, ஆமை, கரடி ஆகியவற்றைக் கையால் சொல்லப் பழகியிருந்தார். இதை வைத்துக்கொண்டு மருமகளிடம் என்னவென்று பேச்சு கொடுப்பது?

"நாளைக்கு சனிக்கிழமை" என்றார் வெள்ளிக்கிழமை ராத்திரி.

"தெரியும்" என்றார் லிப்ட்காரர்.

"கரடினு சொல்லியா அவளை அனுப்பி வைக்கிறது?"

லிப்ட்காரர் லீவு போட்டார்.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் மூன்று பேரும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தச் சந்தில் இருந்தார்கள். மருமகளை ஏன் அழைத்து வந்தார் என்று மாமியாருக்கே தெரியாது. வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் கையைப் பிடித்தார், அவளும் வந்துவிட்டாள். எங்கே, எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கையால் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை, எழுதிக் காட்ட லிப்ட்காரருக்குத் தோன்றவும் இல்லை.

கடை அகலம் இரண்டு கை நீட்டினால் முடிந்துவிடும். மேலே கொத்துக் கொத்தாக ஒயர்கள். மேஜையில் ஒரு டி.வி., அதன் பின்னால் காதோரம் ஸ்க்ரூ டிரைவர் சொருகிய ஒரு பெண். கடை அவளுடையதுதான்.

"எந்த மாதிரி பிளேயர் பாக்குறீங்க?"

"எல்லாம் ஓடணும். விலை கையைக் கடிக்கக் கூடாது" என்றார் லிப்ட்காரர்.

"எல்லாம்னா?"

அவர் துணிப்பையை மேஜையில் வைத்தார். "இந்தப் பதினொண்ணும்."

கடைக்காரப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்படித்தான் வரணும்! முக்கால்வாசிப் பேர் அட்டைப் பெட்டி மேல எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டு வாங்கிட்டுப் போறாங்க. மறுநாள் வந்து என்னைத் திட்டுறாங்க. எல்லா வகையும் ஓடும்னுதான் எல்லாத்துலயும் போட்டிருக்கும். டிஸ்க்கைப் போட்டுப் பாத்தாத்தான் குட்டு வெளிப்படும். என்ன படம் இதெல்லாம்?"

"பாடம்" என்றார் லிப்ட்காரர் சுருக்கமாக. மருமகளைப் பற்றி வெளியாரிடம் விளக்கம் சொல்லுவது அவருக்குப் பிடிக்காது. விளக்கம் சொன்னால் உடனே 'ஐயோ பாவம்' என்பார்கள். அந்த 'ஐயோ பாவம்' அவருக்கு ஆகவே ஆகாது.

"ஒரே மாதிரி பேர் இருந்தாலும் உள்ள இருக்கிற சரக்கு வேற வேறயா இருக்கும்பா. டப்பா ஒண்ணா இருக்கும், உள்ள ஒண்ணுல பருப்பு, ஒண்ணுல பயறு. மிஷினுக்கு ரெண்டையும் மெல்லத் தெரியணும்."

"எனக்கு மிஷினைப் பத்திச் சொல்லாதம்மா. முப்பது வருஷமா லிப்ட் பாக்குறவன் நான்."

"அப்ப சௌகரியம். இதுலயும் கதவு திறக்கும், மூடும்" என்று அவள் முதல் பிளேயரின் தட்டை வெளியே வரவழைத்தாள். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

முதலாவது பெரிய கம்பெனியுடையது. கண்ணாடி அலமாரிக்குள் தனியாகப் பூட்டி வைத்திருந்தது. கறுப்பாக, மெல்லிசாக, தொட்டால் விரல் படியும் பளபளப்பு. விலையைக் கேட்டதும் லிப்ட்காரர் ஒரு எட்டு பின்வாங்கினார். அது பதினொன்றில் ஆறை ஓட்டியது. மற்ற ஐந்துக்கும் 'இந்த வகையை இயக்க இயலாது' என்று திரையில் நல்ல மரியாதையாகச் சொன்னது.

இரண்டாவது நடுத்தர விலை. ஒன்பது ஓடியது.

மூன்றாவது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பார்க்க டிபன் டப்பாவை நசுக்கி வைத்த மாதிரி இருந்தது. கம்பெனி பெயரை இதற்கு முன் யாரும் கேள்விப்பட்டிருக்க முடியாது, கடைக்காரப் பெண்ணே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உச்சரித்தாள். விலை மூன்றிலும் குறைவு.

முதல் டிஸ்க்கைப் போட்டதும் திரையில் டீச்சரம்மா வந்தார். இப்போது இருப்பதைவிடப் பத்து வருஷம் இளமையாக, நீலச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு கைகளை உயர்த்தினார்.

அதுவரை ஓரமாக நின்று ஒயர்க் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் சட்டென்று மேஜை அருகே வந்தாள். திரையைப் பார்த்தாள். துணிப்பையைப் பார்த்தாள், அதன் ஓரத்தில் பள்ளிக்கூடத்தின் முத்திரை இருந்தது. அப்புறம் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். எதற்காக இந்தக் கடை, எதற்காக மாமனார் லீவு, எதற்காக நாலு நாளாக மத்தியானத்தில் கதவு சாத்தியிருந்தது என்று எல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்குப் புரிந்துபோனது. கண் நிறைந்துவிட்டது. மாமியார் வேறு எங்கோ பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

இரண்டு, மூன்று, நான்கு... சாம்பல் பெட்டி ஒவ்வொன்றாக விழுங்கி ஒவ்வொன்றையும் ஓட்டியது. பதினொன்றாவது டிஸ்க்கில் நிறையக் கீறல். உள்ளே போனதும் பெட்டி முனகியது, கரகரத்தது. அப்புறம் திரையில் நீலச் சுவர் வந்தது.

"பதினொண்ணும்!" என்று கடைக்காரப் பெண் கையைத் தட்டினாள்.

"இரும்மா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."

கூட்டினாள். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினாள். 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் வந்தது. சிவப்பு ஒயரைப் பிடுங்கி மாற்றிச் சொருகினாள். அதே 'உஸ்ஸ்'.

"விலையைக் கேட்டப்பவே நெனச்சேன்" என்றார் லிப்ட்காரர். "படம் வருது, சத்தம் வரல. சத்தம் வராத மிஷினை எவன் வாங்குவான்?"

"சரிதாம்பா, எனக்கும் புரியல. நேத்துகூட நல்லா இருந்துச்சே. இருங்க, உள்ள பாட்டு டிஸ்க் ஒண்ணு கெடக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று அவள் பின்கட்டுக்குள் புகுந்தாள்.

"அதெல்லாம் வேணாம்." லிப்ட்காரர் டிஸ்க்குகளை எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தார். "பாலம் தாண்டி இன்னொரு கடை இருக்கு, போலாம். ரெண்டு பஸ் மாறணும். வா, வா."

மணி பதினொன்றரை. பாலம் தாண்டிப் போய்த் திரும்பினால் மூன்றாகிவிடும். அப்புறம் ஐந்து மணிக்குள் என்ன கற்றுக்கொள்ள முடியும்? மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மருமகள் குறுக்கே வந்து பையைப் பிடித்துக்கொண்டாள். நல்லாத்தானே ஓடுகிறது என்பதுபோல் டி.வி.யைக் காட்டினாள். லிப்ட்காரர் தன் காதைத் தொட்டு, டி.வி.யைக் காட்டி, கையை விரித்தார். சத்தம் வரல.

அவள் அவர் காதைப் பார்த்தாள், டி.வி.யைப் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

சிரித்தாள்.

அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கடை கேட்டிருக்காது. அடித்தொண்டையிலிருந்து வந்த, அளவு தெரியாத சிரிப்பு. தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த இந்த ஐந்து மாதத்தில் மாமியார் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன விஷயம் என்று புரியாமலே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் போய், டீச்சரம்மாவின் வாயில் விரலை வைத்தாள். மூடிய வாய். அப்புறம் அந்தக் கைகளில் விரலை வைத்தாள். அவை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

"ஏங்க" என்றார் மாமியார் மெதுவாக. "அந்தம்மா வாயே திறக்கலைங்க."

லிப்ட்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"கையால பேசுற பாடத்துல என்ன சத்தம் வரும்? முதல் மிஷின்லயும் வரல, ரெண்டாவதுலயும் வரல. மூணுக்கும் ஒரே நேரத்துலயா தொண்டை கட்டிக்கும்?"

"நான் டி.வி.யைக் கம்மியா வச்சிருக்காங்கன்னு..."

"சரி, நாலு நாளா வீட்டுல ஒட்டகச்சிவிங்கி பாத்தமே, அதுல சத்தம் வந்துச்சா?"

"அது நம்ம பிளேயர் பழசு, சத்தம் போயிடுச்சுனு நெனச்சேன்" என்றார் லிப்ட்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரப் பெண் பாட்டு டிஸ்க்கோடு வந்து சாம்பல் பெட்டிக்குள் போட்டாள். முழுசாகக் கூட்டி வைத்திருந்த சத்தத்தில் மேளம் கொட்டியது பாருங்கள், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மருமகள் மட்டும் மேஜையில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை ரசித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் கடைக்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. அதற்காக லிப்ட்காரர் அந்த நிமிஷமே அவளுக்கு நூறு மார்க் போட்டுவிட்டார்.

"கைப் பாடம்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அப்ப உங்களுக்கு வேண்டியது இதுதான்." அவள் பாட்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பாட டிஸ்க் ஒன்றை மறுபடி போட்டாள்; ரிமோட்டை மாமியார் கையில் வைத்து, கட்டை விரலைப் பிடித்து ஒரு பட்டனில் அழுத்தினாள். திரையில் டீச்சரம்மாவின் கைகள் தண்ணீருக்குள் அசைவதுபோல் மெதுவாக நகர்ந்தன. "பாதி வேகம். இன்னொரு தடவை அழுத்தினா அதுலயும் பாதி. இந்தப் பக்கத்து பட்டன், ஒரே இடத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். முதல் ரெண்டு மிஷின்லயும் இதெல்லாம் எல்லா டிஸ்க்குக்கும் வேலை செய்யாது. இது செய்யும், நான் பாத்திருக்கேன்."

மாமியார் பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். டீச்சரம்மாவின் சுண்டு விரல் எங்கே மடங்குகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

"நீ நல்லா இருக்கணும்மா" என்றார்.

"டி.வி. பழசா? அப்ப மூணு கலர் ஒயர் இதையும் வச்சுக்கோங்க, நீளமா இருக்கும். காசு வேணாம்."

*

ஒரு மணிக்கு வீட்டில் சாம்பல் பெட்டி டி.வி.க்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. மாமியார் வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டார். மருமகள் உள் அறையில். அவள் பெட்டி வெள்ளிக்கிழமையே கட்டியாகிவிட்டது.

"என்ன கத்துக்கணும்?" என்றார் ரிமோட்டும் கையுமாக லிப்ட்காரர்.

"போகாதேனு சொல்லக் கத்துக்கணும்."

"அதுக்குப் பாடம் வேணுமா? கையைப் பிடிச்சு நிறுத்தினாப் போதாதா?"

"பிடிச்சு நிறுத்தினா அது பேச்சு இல்லைங்க, அடம்."

முதல் டிஸ்க்கில் 'போகாதே' இல்லை. நான், நீ, என்ன, வேணும், வீடு, வேலை, தண்ணீர், வலி, இப்படித்தான் வரிசையாக வந்தது; திரையின் அடியில் வந்த எழுத்தை லிப்ட்காரர் படித்துச் சொன்னார். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார்கள். நிறங்கள். ஐந்தாவதில் கணக்கு. ஏழாவதில் உடம்பின் பாகங்கள். தேடித் தேடியே மூன்று மணி ஆகிவிட்டது.

"பதினொண்ணுல எங்கயோ இருக்கும்" என்றார் லிப்ட்காரர்.

"இருக்கும். அதுக்குள்ள அவ போயிடுவா." மாமியார் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். "முதலாவதையே போடுங்க. இருக்கிறதை வச்சு ஏதாவது கேக்குறேன்."

பாதி வேகம். அதிலும் பாதி. திரும்பத் திரும்ப. 'வேணும்' என்பதற்கு விரல்கள் மடங்க வேண்டிய விதம் அவருக்கு வரவே இல்லை. இருபத்தெட்டு வருஷ இஸ்திரிப் பெட்டி அந்த விரல்களை ஒரே வாக்கில் இறுக்கிவிட்டிருந்தது. லிப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவியின் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

நாலரைக்கு மூன்று வார்த்தை வந்தது. ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது.

*

அண்ணன்காரர் கண்ணாடி அறுக்கும் தொழில் செய்பவர். விரல்களில் நிறைய பிளாஸ்திரி. உள்ளே வந்ததும் தங்கையோடு கைகளால் நாலு வார்த்தை பேசினார். பிளாஸ்திரி விரல்கள் அவ்வளவு சரளமாக ஓடுவதைப் பார்க்க மாமியாருக்குப் பொறாமையாக இருந்தது. மருமகள் ஏதோ சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன்காரர்.

"தெரியும் தம்பி. ஒரு நிமிஷம்."

மாமியார் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு மருமகளுக்கு எதிரே போய் நின்றார். முதல் தடவை மூன்றாவது வார்த்தைக்குப் பதில் 'தண்ணீர்' வந்துவிட்டது. அண்ணன்காரர் புருவத்தை உயர்த்தினார். மாமியார் தலையை ஆட்டி, கைகளை உதறிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

உனக்கு. என்ன. வேணும்.

மருமகள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளுடைய கைகள் எழுந்தன, மழை பிடித்துக்கொண்ட மாதிரி கடகடவென்று பேசின. மாமியாருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

அண்ணன்காரர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார்.

"நீங்க சொல்லாதீங்க தம்பி. அவளே சொல்லட்டும்." மாமியாருக்கு 'மெதுவாக' என்று சொல்லத் தெரியாது. கையில் இல்லாத ரிமோட்டை நீட்டி, கட்டை விரலால் இரண்டு தடவை அழுத்திக் காட்டினார்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். கால் வேகத்தில், ஒவ்வொரு விரலாக எடுத்து வைத்துச் சொன்னாள்.

"நான்..." என்றார் மாமியார் அவள் கையைப் பார்த்தபடி. "வேலை... வேணும். வேலை! ஏங்க, அவளுக்கு வேலை வேணுமாம்! சரிதானே தம்பி?"

அண்ணன்காரர் தங்கையிடம் கையால் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து மாமனாரிடம் நீட்டினாள்.

லிப்ட்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கல்யாணத்துக்கு முன் அவள் துணி வெட்டும் பிரிவில் வேலை பார்த்த ஆயத்த ஆடைக் கம்பெனி. புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள், இந்த வீட்டிலிருந்து இரண்டு ஸ்டாப்தான். வெட்டும் பிரிவுக்கு அவளையே தலைமையாகக் கேட்டிருந்தார்கள். கடிதம் வந்து பத்து நாளாகிறது.

"பத்து நாளா ஏன் சொல்லல?" என்று மாமியார் கேட்டார்.

"எப்படிச் சொல்லுவா?" லிப்ட்காரரின் குரல் இறங்கிப்போயிருந்தது. "பொண்ணு பாக்க வந்தப்ப நான்தானே பெருமையாச் சொன்னேன், எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு இனிமே வேலைக்குப் போகத் தேவையில்லைனு. நல்லது பண்றதாத்தான் நெனச்சேன்."

"நாங்களும் சந்தோஷமாத் தலையை ஆட்டினோம் மாமா. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றார் அண்ணன்காரர்.

லிப்ட்காரர் கடிதத்தின் கடைசி வரியை மறுபடி படித்தார். "திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். கப்பல் புதன்கிழமைதான் கரைக்கு வரும். அதுக்கு முன்னாடி அவன்கிட்ட எப்படிப் பேசுறது?"

அண்ணன்காரர் வெளியே போய் வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் மட்டும் திரும்பி வந்து, தங்கையின் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருமகள் மாமியாரின் கைகளைத் தன் கைகளில் வாங்கி, 'வேணும்' என்ற வார்த்தையில் தப்பாக நின்ற மோதிர விரலைச் சரியாக மடக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது தடவையாக. அதைப் பார்த்தபடியே அண்ணன்காரர் பேசினார்.

"அத்தை, சின்ன வயசுலேர்ந்து நான் அவகூடக் கையால பேசுறேன். சாப்டியா, தூங்கினியா, யாராவது ஏதாவது சொன்னாங்களானு தெனமும் கேப்பேன். உனக்கு என்ன வேணும்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டீங்க. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

மாமியாருக்கு வெட்கமாகிவிட்டது.

"தோணவெல்லாம் இல்ல தம்பி. எனக்கு வேற எதுவும் கேக்கத் தெரியாது."